இறங்காத ஊரின் அனுமதி

பள்ளிவாசல்துறையிலிருந்து டொரொன்டோவுக்கோ லண்டனுக்கோ மெல்பேர்னுக்கோ போக நினைக்கிற ஒருவர் முதலில் கேட்பது அநேகமாக டிக்கட் என்ன விலை என்றுதான். அடுத்தது, எத்தனை மணித்தியாலப் பயணம் என்பது. விசாவின் பேச்சு மூன்றாவதாக வரும். அதுவும் போய்ச் சேருகிற நாட்டின் விசாவைப் பற்றி மட்டும். இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும், அந்த வேலையைப் பயணம் போகிறவரே செய்ய வேண்டும் என்பது என் வாதம். கேட்பதற்கு இது வெறும் நடைமுறை விஷயம்போல இருக்கலாம். ஆனால் நம்முடைய விருப்பம் பிறருடைய சம்மதத்தில் தங்கியிருக்கும்போது எதை முதலில் உறுதிசெய்துகொள்வது, எதைக் கடைசிவரை முடிவாக்காமல் வைத்திருப்பது, எதை யாரிடம் ஒப்படைப்பது என்ற கேள்வி விமானப் பயணத்தோடு முடிகிற ஒன்றல்ல. காணி வாங்குவதிலும் கலியாணம் பேசுவதிலும் அது இருக்கிறது. பயணத்தில் பணத்தோடும் தேதியோடும் சேர்ந்து வருவதால் மறைக்க முடியாமல் தெரிகிறது, அவ்வளவுதான்.

கற்பிட்டித் தீபகற்பத்திலிருந்து கட்டுநாயக்கவுக்குப் போவதில் குழப்பமில்லை. பாலாவிக்கு வந்து, சிலாபம், நீர்கொழும்பு என்று தெற்கே இறங்கினால் மூன்று நான்கு மணித்தியாலத்தில் விமான நிலையம் வந்துவிடும். குழப்பம் அதற்குப் பிறகுதான். இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் ஐரோப்பாவின் ஷெங்கன் நாடொன்றின் விமான நிலையத்தில் ஒரு விமானத்திலிருந்து இறங்கி அடுத்ததில் ஏறுவதற்கே விசா எடுக்க வேண்டும். ஊருக்குள் போகாவிட்டாலும் சரி, கட்டிடத்தை விட்டு வெளியே வராவிட்டாலும் சரி. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009ஆம் ஆண்டு விசாச் சட்டக்கோவையின் இணைப்பொன்றில் இந்தக் கட்டுப்பாட்டுக்குரிய 12 நாடுகளின் பெயர்கள் இருக்கின்றன: ஆப்கானிஸ்தான், பங்களாதேஷ், கொங்கோ ஜனநாயகக் குடியரசு, எரித்திரியா, எத்தியோப்பியா, கானா, ஈரான், ஈராக், நைஜீரியா, பாகிஸ்தான், சோமாலியா, இலங்கை. விலக்கும் உண்டு. அமெரிக்கா, கனடா, ஜப்பான் ஆகியவற்றின் செல்லுபடியாகும் விசா கையிலிருந்தால் இந்த இடைத்தங்கல் விசா வேண்டியதில்லை. ஆகவே கனடா விசாவோடு டொரொன்டோவுக்குப் போகிறவர் பிராங்பேர்ட்டில் விமானம் மாறலாம். பிரித்தானிய விசாவோடு லண்டனுக்குப் போகிறவர் அதே பிராங்பேர்ட்டில் மாற முடியாது. பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகிய பின் அதன் விசா அந்த விலக்குக்குள் அடங்குவதில்லை. பிரித்தானியாவும் தன் விமான நிலையங்களைக் கடந்துபோகும் இலங்கையரிடம் இப்படியொரு விசாவைக் கேட்கிறது. அதற்கும் தனியான விலக்குப் பட்டியல் உண்டு. அமெரிக்காவில் நிலைமை இன்னும் எளிமையானது, இன்னும் கடினமானது. அங்கே இடைத்தங்கலுக்கென்று எல்லைக்குப் புறம்பான பகுதியே இல்லை. மயாமியில் இரண்டு மணித்தியாலம் நின்று தென் அமெரிக்காவுக்குப் போகிறவரும் அமெரிக்காவுக்குள் நுழைந்து வெளியேறியவராகவே கணக்கு.

இதையெல்லாம் அறியாமல் விலையை மட்டும் பார்த்து டிக்கட் எடுத்தவர் என்ன ஆவார் என்பதை ஊகிக்கலாம். மலிவான டிக்கட் எந்த வழியாகப் போகிறதோ அந்த வழி அவருக்கு மூடப்பட்டிருக்கலாம். டுபாய், டோஹா, அபுதாபி, சிங்கப்பூர் வழியாக ஒரே டிக்கட்டில் போகிறவருக்கு இந்தத் தொல்லை பொதுவாக இல்லை. லண்டனுக்கும் மெல்பேர்னுக்கும் கொழும்பிலிருந்து நேரடி விமானமும் உண்டு. நேரடி விமானத்துக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தைச் சொகுசுச் செலவு என்று நினைக்கிறோம். பலருக்கு அது ஒரு நாட்டின் அனுமதியைக் கேட்கவேண்டிய தேவையை நீக்குகிற செலவு. லத்தீன் அமெரிக்கா பக்கம் போக நினைத்தால் கணக்கு இன்னும் விசித்திரமாகிறது. மெக்சிக்கோவுக்கும் ஆர்ஜென்டினாவுக்கும் கொழும்பில் தூதரகம் கிடையாது. இலங்கையின் அலுவல்களையும் அவற்றின் புதுடில்லித் தூதரகங்களே பார்க்கின்றன. மேற்கே போகவேண்டியவரின் கோப்பு முதலில் வடக்கே போகிறது.

இலங்கை அந்த 12 நாடுகளின் பட்டியலில் இருப்பது தற்செயலல்ல, அதற்கொரு வரலாறு உண்டு. அதைத் தமிழ் பேசுகிறவர்கள் மற்ற எவரையும்விட நன்றாக அறிவார்கள். 1983 ஜூலை இனவன்முறைக்குப் பிறகு உயிர் தப்பிப் புறப்பட்டவர்களின் முன்னால் ஐரோப்பா தன் கதவுகளை ஒவ்வொன்றாகச் சாத்தியது. 1985 மே மாதம் பிரித்தானியா இலங்கையருக்கு விசாவைக் கட்டாயமாக்கியது; பொதுநலவாய நாடொன்றின் பிரஜைகள்மீது அது அப்படிச் செய்தது அதுவே முதல் தடவை. 1980களின் நடுப்பகுதியில் கிழக்கு பேர்லினின் ஷோனபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, நகர ரயிலில் மேற்கு பேர்லினுக்குப் போவது தமிழ் அகதிகளின் அறியப்பட்ட வழியாக இருந்தது. மேற்கு ஜேர்மனியின் வற்புறுத்தலால் கிழக்கு ஜேர்மனி அந்த வழியை மூடியது. 1987 பெப்ரவரியில் ஹீத்ரோவுக்கு வந்துசேர்ந்த ஐம்பதுக்கு மேற்பட்ட தமிழர்கள் திருப்பி அனுப்பப்பட இருந்தபோது, விமான நிலையத்திலேயே உடைகளைக் களைந்து எதிர்ப்புக் காட்டினார்கள். சில மாதங்களுக்குள் பிரித்தானியப் பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது: உரிய ஆவணமில்லாத பயணியை ஏற்றிவந்தால் விமான நிறுவனம் ஆளுக்கு 1,000 பவுண் தண்டம் கட்ட வேண்டும். இப்படிப்பட்ட தண்டம் இன்று உலகெங்கும் சாதாரண நடைமுறை.

அந்தச் சட்டத்தின் விளைவாக எல்லை இடம்பெயர்ந்தது. ஹீத்ரோவில் இருந்த சோதனை கட்டுநாயக்கவின் செக்-இன் கருமபீடத்துக்கு வந்துவிட்டது. அங்கே நிற்கிற இளைஞர் எந்த நாட்டின் அதிகாரியுமல்ல. ஒரு கம்பனியின் ஊழியர். சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் டைமட்டிக் என்னும் தரவுத்தளத்தில் பயணியின் நாட்டையும் வழியையும் தட்டிப் பார்ப்பார். திரை 'இல்லை' என்றால் அவரோடு வாதாடிப் பயனில்லை. ஏற்றிவிட்டால் தண்டம் அவருடைய கம்பனிக்கு, ஏற்றாவிட்டால் நட்டம் பயணிக்கு. உரிய ஆவணங்களை வைத்திருப்பது பயணியின் பொறுப்பு என்று விமான நிறுவனங்கள் தங்கள் பயண நிபந்தனைகளில் எழுதிவைத்திருக்கின்றன. நாம் வாசிக்காமல் 'ஏற்றுக்கொள்கிறேன்' என்று அழுத்துவது அந்த நிபந்தனைகளைத்தான்.

அனுமதி கேட்பது இந்தக் காலத்தில் பிறந்த வழக்கமென்றும், முன்னோர் பாய்மரத்தில் தங்கள் பாட்டுக்கு உலகம் சுற்றினார்கள் என்றும் ஒரு நம்பிக்கை உண்டு. எங்கள் கரையே அதற்கு மறுப்பு. 1344இல் மாலைதீவிலிருந்து தென்னிந்தியாவின் மஃபர் கரைக்குப் போய்க்கொண்டிருந்த மொரோக்கோப் பயணி இப்னு பதூதாவின் கப்பல் திசைமாறி இலங்கைக் கரையை அடைந்தது. அவர் பத்தாலா என்று குறிக்கும் துறையைப் புத்தளம் என்று ஆய்வாளர்கள் அடையாளம் காண்கிறார்கள். யாழ்ப்பாண மன்னன் ஆரியச்சக்கரவர்த்தியின் ஆட்சிக்குட்பட்ட இடம் அது. அங்கே இறங்குவது ஆபத்தென்று மாலுமிகள் பயந்தார்கள். இப்னு பதூதா தான் மட்டும் முதலில் கரையிறங்கி மன்னனிடம் பாதுகாப்புறுதி பெற்றார். யாரென்று கேட்டபோது மஃபர் சுல்தானின் உறவினன் என்றார். இன்றைய விண்ணப்பப் படிவத்தில் அனுசரணையாளர் என்ற கட்டத்தில் எழுதுவது அதைத்தான். பயணத்தின் நோக்கம் பாவா ஆதம் மலையைத் தரிசிப்பது என்றார். மன்னன் சம்மதித்ததோடு பல்லக்கும், வழித்துணைக்கு யோகிகளும் பிராமணர்களும், உணவு சுமக்க ஆட்களும் கொடுத்து அனுப்பினான். ஆகவே அனுமதி, அனுசரணை, நோக்கம் மூன்றும் அன்றும் இருந்தன. அவருடைய கதையில் இன்று இல்லாத ஒன்று கப்பல் தலைவன். அவர் மலையேறித் திரும்பும்வரை, ஒரு வருடமானாலும் காத்திருப்பேன் என்றான் அவன். மன்னன் அதுவரைக்கும் அவனைத் தன் விருந்தாளியாக வைத்துக்கொண்டான். இன்றைய இணைப்பு விமானம் 20 நிமிடம் காத்திருக்காது. நம்முடைய சிக்கலே இதுதான்: தேதியை நாம் முன்கூட்டியே கட்டிப்போட வேண்டும், அனுமதியோ அதற்குரிய வேகத்தில்தான் வரும்.

தூதரகம் பயணத் திட்டத்தைக் கேட்கிறது. பயணத் திட்டமோ விசாவைக் கேட்கிறது. இந்த வளையத்தைப் பார்த்து மிரண்டுபோய்ப் பலர் முழுப் பணத்தையும் கொடுத்து டிக்கட் எடுத்துவிடுகிறார்கள், டிக்கட்டைக் காட்டினால் விசா கிடைத்துவிடும் என்ற எண்ணத்தில். விசா கிடைக்கும்வரை பணம் கட்டவேண்டாம் என்று பல தூதரகங்கள் தாங்களே அறிவுறுத்துகின்றன. அவர்கள் பார்க்க விரும்புவது எந்த நாளில், எந்த வழியாக, எவ்வளவு காலத்துக்கு என்ற ஒரு நம்பத்தகுந்த திட்டம். அதற்குப் பணம் கட்டாமல் சில நாட்களுக்கு வைத்திருக்கக்கூடிய முன்பதிவோ, திரும்பப் பெறக்கூடிய டிக்கட்டோ போதும். இதற்கும் 'டம்மி டிக்கட்' என்று கடைத்தெருவில் அச்சடித்துக் கொடுக்கும் போலித் தாளுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லியாக வேண்டும். முன்பதிவு விமான நிறுவனத்தின் கணினியில் இருக்கும். போலி அந்தத் தாளில் மட்டும் இருக்கும். பிரித்தானிய விண்ணப்பத்தில் ஏமாற்று வேலை கண்டுபிடிக்கப்பட்டால் 10 வருடம்வரை தடை வரலாம். கனடாவில் தவறான தகவலுக்கு 5 வருடத் தடை. தாளை அச்சடித்தவரின் பெயரில் அந்தத் தடை விழாது.

நாட்கணக்கும் கவனிக்க வேண்டியது. ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்னாலிருந்து விண்ணப்பிக்கலாம்; பயணத்துக்கு 15 நாளாவது இருக்கும்போது கொடுத்துவிட வேண்டும். முடிவுக்கு 15 நாள், இழுத்தால் 45 நாள். பிரித்தானியாவின் சாதாரண வருகை விசாவுக்கு மூன்று மாதத்துக்கு முன்னால் விண்ணப்பிக்கவே முடியாது. கடவுச்சீட்டு ஒன்றுதான், அது ஒரு தூதரகத்தில் கிடக்கும்போது அடுத்த தூதரகத்துக்குப் போகாது. ஒரே பயணத்தில் பாரிஸையும் லண்டனையும் பார்க்க நினைப்பவர் முதலில் எதற்கு விண்ணப்பிப்பது என்பதை இந்தக் கணக்கு தீர்மானிக்கிறது, ஆசை தீர்மானிப்பதில்லை. பாரிஸிலிருந்து லண்டனுக்குப் போய்த் திரும்பப் பாரிஸ் வழியாக வீடு வர நினைத்தால் ஒற்றை நுழைவு விசா போதாது. லண்டனுக்குப் புறப்பட்டபோதே அது தீர்ந்துபோயிருக்கும். இதற்கெல்லாம் முன்னால் கடவுச்சீட்டே செல்லுபடியாக இருக்க வேண்டும். பல நாடுகள் ஆறு மாத மிச்சத்தை எதிர்பார்க்கின்றன. 2024இல் வெற்றுக் கடவுச்சீட்டுப் புத்தகங்களுக்குத் தட்டுப்பாடு வந்தபோது பத்தரமுல்லைக் கடவுச்சீட்டு அலுவலகத்தில் மக்கள் இரவிரவாக வரிசையில் கிடந்தார்கள். பயணம் முடிவான பிறகு கடவுச்சீட்டைப் புரட்டிப் பார்த்தவர்கள் அந்த வரிசையில் பலர் இருந்திருப்பார்கள்.

சின்ன விஷயங்களில்தான் பெரிய தொகை போகிறது. இரண்டு மலிவான டிக்கட்டுகளைத் தனித்தனியே வாங்கி ஒட்டினால் கணினிக்கு அவை இரண்டு பயணங்கள். இடையில் பெட்டியை எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டும், அதற்கு அந்த நாட்டுக்குள் நுழைய வேண்டும், நுழைய விசா வேண்டும். ஒரே டிக்கட்டாக இருந்திருந்தால் பெட்டி தானாகவே போயிருக்கும். எங்கள் பக்கத்துப் பெயர்களும் ஒரு தனிப் பிரச்சினை. முகம்மது என்ற ஒரு பெயரை அப்பாவின் பிறப்புச் சான்றிதழில் ஒருவிதமாகவும் மகனின் கடவுச்சீட்டில் வேறுவிதமாகவும் ஆங்கிலத்தில் எழுதியிருப்பார்கள். முதலெழுத்து எது, குடும்பப் பெயர் எது என்று படிவம் கேட்கும்போது ஆளுக்கொரு பதில். கடவுச்சீட்டில் உள்ளபடியே டிக்கட்டிலும் விசாவிலும் எழுதவேண்டும் என்ற ஒற்றை விதியைப் பிடித்துக்கொண்டால் போதும், மற்றவற்றைச் சத்தியக்கடதாசியால் சரிசெய்யலாம்.

இவ்வளவு சிக்கலென்றால் ஏஜென்சிக்காரரிடம் கொடுத்துவிடுவதுதானே என்பது இயல்பான கேள்வி. எங்கள் ஊர்களின் பழக்கம் அதுதான், அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்ததென்பதும் தெரிந்ததே. நாற்பது வருடத்துக்கு மேலாக இந்தக் கரையின் வெளிநாட்டு அனுபவம் பெரும்பாலும் வளைகுடா அனுபவம். வீட்டு வேலைக்குப் போன பெண்களும், சாரதிகளாகப் போன ஆண்களும் விசாவைத் தேடிப் போகவில்லை, விசா வந்தது. அனுப்பியவர் கபீல் என்கிற அனுசரணை முதலாளி. டிக்கட்டும் அவருடையது, தேதியும் அவருடையது. இடையில் ஏஜென்சியும் அதற்குக் கீழே சப் ஏஜென்டும் நின்றார்கள். 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் அந்தச் சங்கிலியை ஓரளவு ஒழுங்குபடுத்தியது. ஆனால் போகிறவர் கேள்வி கேட்காமல் போகிற முறையை அது மாற்றவில்லை. போன இடத்திலும் கடவுச்சீட்டை வாங்கிப் பூட்டிவைக்கிற எசமானர்கள் உண்டு. இரண்டு தலைமுறை இப்படிப் போய்வந்ததில் பயணத்தின் மூளை வேறொருவரிடம் இருப்பதே இயல்பென்று ஆகிவிட்டது. உம்றாவுக்குக் குழுவாகப் போகும்போதும் அதே முறை தொடர்கிறது; அங்கே அது பெரும்பாலும் வேலைசெய்கிறது, ஏனென்றால் போகும் இடம் ஒன்று, வழி ஒன்று, நோக்கம் ஒன்று. அதே பழக்கத்தோடு மகளைப் பார்க்க லண்டனுக்கோ கனடாவுக்கோ புறப்படும்போது அது உடைகிறது. இந்த விசா கபீல் அனுப்புவதல்ல. விண்ணப்பதாரர் தன்னைப் பற்றித் தானே சொல்லி, கையொப்பமிட்டு, கைவிரல் பதித்துக் கேட்பது. ஏஜென்சிக்காரர் நிரப்பிய படிவத்தில் என்ன இருக்கிறதென்று தெரியாமல் கையொப்பமிட்டவர் பொய்க்குப் பொறுப்பாளியாகிறார், அந்தப் பொய் தன் பெயரில் சொல்லப்பட்டதே அவருக்குத் தெரியாமல்.

இதில் எனக்கு விளங்காத ஒன்றும் உண்டு. ஆவணத்தின் அருமையை இந்தக் கரைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விடுதலைப் புலிகள் முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னார்ப் பக்கத்திலிருந்து பலர் படகில் கற்பிட்டிக் கரையில்தான் இறங்கினார்கள். காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழும் இல்லாமல் வந்தவர்கள் தாங்கள் யார், எங்கே இருந்தவர்கள் என்று அலுவலகங்களில் நிரூபிக்க வருடங்கள் செலவிட்டார்கள். அந்த நினைவைச் சுமக்கிற ஊர்களே இன்று கடவுச்சீட்டையும் அடையாள அட்டைப் பிரதியையும் வங்கிப் புத்தகத்தையும் ஒரு சொப்பிங் பையில் போட்டு, பெயர்ப்பலகை மட்டும் இருக்கிற ஒரு கடையில் கொடுத்துவிட்டு வருகின்றன.

ஏஜென்சி பற்றிய கேள்வியைவிட, இறைவனிடம் பொறுப்பை ஒப்படைக்கிற தவக்குலைப் பற்றிய மறுப்பு கனமானது. போக எழுதியிருந்தால் போவோம், இல்லாவிட்டால் எத்தனை தாள் அடுக்கினாலும் நடக்காது என்பார்கள். ஒட்டகத்தை முதலில் கட்டச் சொன்ன நபிமொழியை அறியாத வீடு எங்கள் பக்கம் இருக்காது, ஆகவே அந்தப் பதிலை நான் நீட்டவில்லை. மறுப்பில் ஓர் உண்மை இருக்கிறது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். எல்லாம் சரியாகச் செய்தவருக்கும் விசா மறுக்கப்படுகிறது. திரும்பி வருவீர்கள் என்று நாம் திருப்தியடையவில்லை என்ற ஒற்றை வரியில் முடித்துவிடுகிறார்கள். திட்டமிட்டால் விசா கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை. திட்டமிட்டவருக்கு மறுப்பு எவ்வளவு செலவாகும் என்பதுதான் வேறுபடுகிறது. ஷெங்கன் விண்ணப்பக் கட்டணம் 2024 ஜூனிலிருந்து 90 யூரோ. மறுத்தாலும் அது திரும்பி வராது. டிக்கட் வாங்காதவர் இழப்பது அந்த 90 யூரோவையும் கொழும்புக்குப் போய்வந்த செலவையும். டிக்கட்டுக்கும் ஹோட்டலுக்கும் முதலில் பணம் கட்டியவர் சில லட்சம் ரூபாயை இழக்கிறார். அது வெங்காயம் விற்ற காசாகவோ நகை அடகுவைத்த காசாகவோ இருக்கும். எழுதப்பட்டது நடக்கட்டும். நடக்காமல் போனால் அடுத்த முறை கேட்பதற்குக் கையில் பணம் இருக்க வேண்டாமா?

இப்படிக் கேட்டுப் போவது மானக்கேடு என்ற மறுப்புக்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை. மே மாதம் தென்மேற்குக் காற்று எழும்பியதும் கண்டக்குழிப் பக்கம் பட்டம் பூட்டிய பலகையோடு ஐரோப்பியர்கள் வந்துவிடுகிறார்கள். அவர்களில் பெரும்பாலானவர் வீட்டுச் சோபாவில் இருந்தபடியே இணையத்தில் சில நிமிடத்தில் அனுமதி எடுத்தவர்கள். அவர்களுக்குச் சாப்பாடு சமைத்துக் கொடுக்கிற இளைஞன் அவர்களுடைய ஊரைப் பார்க்க ஆசைப்பட்டால் சில மாத வங்கி அறிக்கை, வேலைக் கடிதம், 30,000 யூரோவுக்குக் குறையாத காப்புறுதி, திரும்பி வருவேன் என்பதற்கு அத்தாட்சி எல்லாம் வேண்டும். இது நியாயமல்ல, நியாயமென்று விளக்கம் சொல்ல முயல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. விதிகளைப் படித்து அவற்றுக்கேற்ப நடப்பது அவற்றை ஒப்புக்கொள்வதாகாதா என்று கேட்டால், ஆகாது என்றே நினைக்கிறேன். தெரியாமல் மாட்டிக்கொள்கிறவரின் அவமானம் அநியாயத்தை ஒரு துளியும் குறைப்பதில்லை. விதியைத் தெரிந்தவரால்தான் அது அநியாயமென்று எழுதவும் முறையிடவும் முடியும். மறுப்புக்கு எதிராக மேன்முறையீடு செய்ய ஷெங்கன் சட்டத்திலேயே இடமிருக்கிறது. நம் கையும் முழுக்கச் சுத்தமில்லை. சில மேற்காபிரிக்க நாட்டவருக்கு இலங்கையும் அந்தச் சில நிமிட இணையவழியைத் திறந்துவைக்கவில்லை. 2024 ஏப்ரலில் இணைய விசா வேலையை வெளிநாட்டுக் கம்பனிக் கூட்டிடம் கொடுத்ததில் கட்டணம் ஏறி, கட்டுநாயக்கவில் கூச்சல் எழுந்து, ஓகஸ்ட் மாதம் உயர் நீதிமன்றம் அந்த ஏற்பாட்டை இடைநிறுத்தியது. அந்த மாதங்களில் பலமான கடவுச்சீட்டுக்காரர்களும் எந்த இணையதளத்தில் விண்ணப்பிப்பது என்று தடுமாறினார்கள். போன வருடம் போய்வந்தவர் சொன்ன தகவல் இந்த வருடம் செல்லாது என்பதற்கு வெளியே உதாரணம் தேடவேண்டியதில்லை.

இவ்வளவு கணக்குப் பார்த்தால் பயணத்தில் என்ன சுவை மிஞ்சும் என்றொரு முணுமுணுப்பும் கேட்கும். இதை நான் பெரிதாக எடுப்பதில்லை. ஒடுக்கமான அனுமதியை முதலில் கண்டுபிடித்து அதை மட்டும் இறுக்கிக்கொள்கிறவர் மற்றவற்றை அவிழ்த்துவிடலாம். எந்த நாளில் எந்த அருங்காட்சியகம், எந்தக் கடையில் மதியச் சாப்பாடு என்று எழுதிவைக்க வேண்டியதில்லை. உண்மையில் எல்லாவற்றையும் முன்கூட்டியே வாங்கிக் கட்டிப்போடுகிறவர்தான் அதிகமாகத் திட்டமிடுகிறார், அதுவும் தவறான முனையிலிருந்து.

மிஞ்சுவது ஒரு மறுப்பு, அது உண்மையான கஷ்டம். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத ஓர் உம்மா, பேரப்பிள்ளையைப் பார்க்க முதன்முதலாக டொரொன்டோவுக்குத் தனியே போகிறார். ஐரோப்பியச் சட்டக்கோவையின் இணைப்பை அவர் வாசிப்பாரா? வாசிக்க வேண்டியதில்லை. வாசிக்கத் தெரிந்த மகனோ மகளோ அங்கே இருக்கிறார்கள். அழைப்புக் கடிதம் எழுதுகிறவர்களே வழியையும் தேர்ந்து, தொலைபேசியில் அவருக்குத் தமிழில் விளக்கலாம். படிவத்தில் எழுதியது என்னவென்று வரிவரியாக வாசித்துக் காட்டாமல் கையொப்பம் வாங்கக்கூடாது. ஏஜென்சிக்காரருக்கும் வேலை உண்டு: கொழும்பில் நேரம் எடுத்துக் கொடுப்பது, டிக்கட்டை விலை பார்த்து வைத்திருப்பது, வாகனம் ஒழுங்குபண்ணுவது. உம்மாவின் கைப்பையில் தமிழில் எழுதிய ஒரு தாள் இருக்க வேண்டும். எந்த ஊரில் விமானம் மாறுகிறார், அங்கே பெட்டியை எடுக்க வேண்டுமா வேண்டாமா, கனடா விசா எந்தத் தேதிவரை, திரும்பி வரும் வழியும் போன வழியேதானா, வேறென்றால் அந்த நாடு அவரை விடுமா, யாருடைய வீட்டில் தங்குகிறார், எப்போது திரும்புகிறார். கருமபீடத்தில் கேட்டால் அந்தத் தாளைப் பார்க்காமலே சொல்லுமளவுக்கு இரண்டு மூன்று தடவை வாசித்துக் காட்டிவிட்டால் நல்லது. ஏஜென்சிக்காரரின் தொலைபேசி இலக்கத்தை அதில் கடைசி வரியாக எழுதிக்கொள்ளலாம்.